கடைசி ரீல் யாருடையது?

1968இல் பிட்ஸ்பர்க் நகரத்து இளைஞர்கள் சிலர், தாங்கள் எடுத்து முடித்த கருப்பு வெள்ளைப் படமொன்றின் பிரிண்டோடு விநியோக நிறுவனங்களின் படியேறினார்கள். கொலம்பியா மறுத்துவிட்டது. எல்லாம் வண்ணமாகிவிட்ட காலத்தில் கருப்பு வெள்ளை விலைபோகாது என்பது அவர்கள் கணக்கு. குறைந்த செலவுத் திகில் படங்களை விற்பதில் பேர்போன அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் கதவை முழுதாகச் சாத்தவில்லை. ஒரு நிபந்தனை போட்டது. கடைசியில் கதாநாயகன் சாகக் கூடாது, முடிவை மாற்றித் தந்தால் பேசலாம். இயக்குநர் ஜார்ஜ் ஏ. ரொமேரோவுக்கு அப்போது வயது 28. இது அவருடைய முதல் படம். சொந்தக்காரர், நண்பர், தெரிந்தவர் என்று பலருடைய பணம் அதில் முடங்கிக் கிடந்தது. ஆனாலும் முடிவை மாற்ற அவர் சம்மதிக்கவில்லை.

‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ என்ற அந்தப் படத்துக்காக ரொமேரோவை ஜாம்பிப் படங்களின் தந்தை என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் அவருடைய நாற்பதாண்டு உழைப்பில் மிக முக்கியமான ஒன்று கண்ணில் படாமலே போய்விடுகிறது. சுயாதீன இயக்குநர் என்ற சொல்லைச் சிறு பட்ஜெட் என்ற பொருளிலேயே நாம் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். ரொமேரோவின் படங்களை ஆண்டு வரிசையில் பார்த்தால் அந்தப் பொருள் போதவில்லை. ஒவ்வொரு படத்திலும் கடைசி ரீலை யார் தீர்மானித்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், அவர் எங்கே ஓங்கி நின்றார், எங்கே தளர்ந்தார் என்பது பளிச்சென்று தெரிகிறது. அவர் சுதந்திரத்தின் அளவுகோல் அதுதான். பட்ஜெட் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது.

ரொமேரோ 1940இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். தந்தை கியூபாவிலிருந்து வந்தவர், விளம்பரங்களுக்கு ஓவியம் வரைபவர். தாய் லிதுவேனிய வழி வந்தவர். சிறுவயதில் ‘தி டேல்ஸ் ஆஃப் ஹாஃப்மன்’ படத்தின் 16 மி.மீ. பிரிண்டை அடிக்கடி வாடகைக்கு எடுத்துவந்து பார்ப்பார். சில நாட்களில் பிரிண்ட் கடையில் இருக்காது. வேறொரு பையன் எடுத்துப் போயிருப்பான். அந்தப் பையன்தான் பின்னாளில் இயக்குநரான மார்ட்டின் ஸ்கார்செஸி என்பது பிற்காலத்தில் இருவரும் மகிழ்ந்து சொன்ன கதை.

படிக்கப் போன பிட்ஸ்பர்க்கிலேயே ரொமேரோ தங்கிவிட்டார். அப்போது அது இரும்பாலைகளின் நகரம். சினிமாத் தொழில் என்று சொல்லிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. நண்பர்களோடு ‘தி லேட்டன்ட் இமேஜ்’ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி விளம்பரப் படங்களும் தொழிற்சாலைகளுக்கான செய்திப் படங்களும் எடுத்தார். குழந்தைகளுக்கான புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியான ‘மிஸ்டர் ரோஜர்ஸ்’ஸுக்காக, டான்சில் அறுவை சிகிச்சை பற்றி ஒரு குறும்படமும் எடுத்துக் கொடுத்தார். முப்பது விநாடி விளம்பரத்துக்கு விளக்கு வைத்து, படம்பிடித்து, ஒலி சேர்த்து, வெட்டி ஒட்டி வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் வேலை ஒரு மனிதனுக்கு என்ன கற்றுத்தரும் என்பதை அவர் படங்களில் காணலாம். எடிட்டிங் மேசையில்தான் படம் உருவாகிறது என்று அவர் நம்பினார். ஒரே காட்சியைப் பல கோணங்களில் எடுத்து, துண்டு துண்டாக அடுக்கி வேகம் கூட்டும் அவருடைய பாணி விளம்பரப் படத்திலிருந்து வந்தது என்பதே என் கணிப்பு.

1967இல் பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு ‘இமேஜ் டென்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இந்த 6,000 டாலர் முதலீட்டின் மேல் மேலும் திரட்டித் திரட்டி, மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலரில் முடிந்தது. பிட்ஸ்பர்க்குக்கு வடக்கே எவன்ஸ் சிட்டி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீடு கிடைத்தது. இடிபடப்போகும் வீடு என்பதால் சுவரில் ஆணியடிக்கலாம், கதவைப் பெயர்க்கலாம், சன்னலை உடைக்கலாம். படத்தின் கதையும் அதுதானே: இறந்தவர்கள் எழுந்து மனித மாமிசம் தின்ன வருகிறார்கள், ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஏழு பேர் கதவு சன்னல்களுக்குப் பலகையடித்துக்கொண்டு, வெளியே நிற்பவர்களோடு போராடுவதைவிடத் தங்களுக்குள் அதிகமாகச் சண்டையிட்டுக்கொள்கிறார்கள். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். கருப்பு வெள்ளையில் அதன் கெட்டியான ஓட்டம் அசல் ரத்தம் போலவே பதிந்தது. தயாரிப்பாளர்களில் ஒருவரான கார்ல் ஹார்ட்மன் கோழைத்தனமான குடும்பத் தலைவனாக நடித்தார். இன்னொரு தயாரிப்பாளர் ரஸ்ஸல் ஸ்ட்ரைனர் முதல் காட்சியிலேயே உயிரை விடும் அண்ணனாக வந்தார். உள்ளூர்த் தொலைக்காட்சியில் திகில் படங்களைத் தொகுத்து வழங்கிய பில் கார்டில் செய்தியாளராகவே தோன்றினார். ஊர்க்காரர்கள் துப்பாக்கியேந்திய தேடுதல் கூட்டமானார்கள். ஒளிப்பதிவும் எடிட்டிங்கும் ரொமேரோவே.

கதாநாயகன் பென் வேடத்தில் நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர். திரைக்கதையில் பென்னின் நிறம் குறிப்பிடப்படவில்லை, தேர்வுக்கு வந்தவர்களில் அவரே சிறந்த நடிகராக இருந்தார், அவ்வளவுதான் என்று ரொமேரோ வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். முரட்டு லாரி ஓட்டுநராக எழுதப்பட்டிருந்த பாத்திரத்தைத் தன் பேச்சாலும் நிதானத்தாலும் படித்த, பொறுப்பான மனிதனாக மாற்றியவர் ஜோன்ஸ். இரவு முழுக்கத் தாக்குப்பிடித்து, மற்ற எல்லாரும் மாண்டபின் தனியாளாகப் பிழைத்து, விடிந்ததும் சன்னலருகே வந்து பார்க்கிறான் பென். காப்பாற்ற வந்த வெள்ளையர் கூட்டம் அவனையும் எழுந்து நடக்கும் பிணமென்று எண்ணித் தூரத்திலிருந்தே சுட்டுக் கொல்கிறது. அத்தோடு அசையும் படம் நின்று, செய்தித்தாள் புகைப்படங்களைப் போல மணல்மணலாகப் புள்ளி தெரியும் அசையாப் படங்கள் வரிசையாக வருகின்றன. கசாப்புக் கடைக் கொக்கியால் உடலை இழுக்கிறார்கள், விறகின் மேல் போடுகிறார்கள். பெயர்ப் பட்டியல் அந்தப் படங்களின் மேல்தான் ஓடுகிறது.

முடிந்த பிரிண்டைக் காரில் வைத்துக்கொண்டு நியூயார்க்குக்குப் போகும் வழியில்தான், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அது 1968 ஏப்ரல் 4. படம் எடுத்தபோது இல்லாத ஒரு பொருள் அந்த இரவிலிருந்து அதற்குள் குடியேறியது. இயக்குநரின் நோக்கம் இனவெறியைப் பற்றிப் பேசுவதா இல்லையா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. விநியோக நிறுவனம் கேட்டபடி முடிவை மாற்றியிருந்தால், வரலாறு வந்து அமர்ந்துகொள்ள அந்தப் படத்தில் இடமே இருந்திருக்காது. பென் பிழைத்திருந்தால் அது இன்னொரு பேய்ப்படம், அவ்வளவுதான். அந்தக் கடைசிச் சில நிமிடங்களை விட்டுக்கொடுக்காததால்தான் அமெரிக்காவின் ரணமான ஓர் ஆண்டு அதில் பதிவானது.

கடைசியில் படத்தை வாங்கி வெளியிட்டது வால்டர் ரீட் நிறுவனம். 1968 அக்டோபர் 1 அன்று பிட்ஸ்பர்க்கின் ஃபுல்டன் திரையரங்கில் முதல் காட்சி. அமெரிக்காவில் வயதுவாரித் தரச்சான்று முறை நடைமுறைக்கு வந்தது அதற்கு அடுத்த மாதம். அதனால் மதியக் காட்சிகளுக்குச் சிறுவர்கள் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் மிரண்டு அழுததை நேரில் கண்டு விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதிய கட்டுரை நாடெங்கும் பேசப்பட்டது. 1970இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் படத்தைத் திரையிட்டது. 1999இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

முடிவைக் காப்பாற்றிய கூட்டம் தலைப்பில் கோட்டைவிட்டது. படத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்’. ஏற்கெனவே அதையொத்த பெயரில் ஒரு படம் இருந்ததால் விநியோகஸ்தர் பெயரை மாற்றினார். பதிப்புரிமை அறிவிப்பு பழைய தலைப்பு அட்டையோடு இருந்தது. புதிய அட்டையில் அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அன்று அமலில் இருந்த 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி, அறிவிப்பில்லாமல் பிரதிகளை வெளியிட்டால் உரிமை போய்விடும். படம் பொதுச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், விற்கலாம், ஒளிபரப்பலாம். எடுத்தவர்களுக்கு ஒரு காசு தரவேண்டியதில்லை.

இதைப் பெரும் சோகமாக மட்டுமே சொல்வது வழக்கம். சோகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரி விடுபட்டதால்தான் நள்ளிரவுத் தொலைக்காட்சியிலும், மலிவு வீடியோ கேசட்டிலும், பிறகு இணையத்திலும் படம் தடையின்றிப் பரவியது. ரொமேரோ வகுத்த இலக்கணத்தை எல்லாரும் எடுத்தாண்டார்கள். மெல்ல நடந்து கூட்டமாக வரும் பிணங்கள், தலையில் சுட்டால்தான் சாயும், அடைபட்ட வீட்டுக்குள் மனிதர்களே மனிதர்களுக்கு எதிரி. இத்தாலியப் படங்களிலிருந்து ஜப்பானிய வீடியோ விளையாட்டுகள் வரை அதன் வாரிசுகள் எண்ணற்றவை. 2016இல் தமிழில் வந்த ‘மிருதன்’ படமும் அந்தக் கிளையில் பூத்ததுதான்.

அடுத்த சில ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். ‘தேர்ஸ் ஆல்வேஸ் வனிலா’, ‘ஜாக்ஸ் வைஃப்’, ‘தி கிரேஸீஸ்’ ஆகிய மூன்று படங்களும் வசூலில் படுத்தன. இவற்றில் 1973இல் வந்த ‘தி கிரேஸீஸ்’ மட்டும் இன்றும் பார்க்கத் தகுந்தது. கிருமிப் பரவலைத் தடுக்க ஓர் ஊரைச் சுற்றிவளைக்கும் ராணுவமே ஊரை அழித்துவிடும் கதை அது. கடன் கழுத்தை நெரித்த அந்தக் காலத்தில் ரிச்சர்ட் ரூபின்ஸ்டைனோடு சேர்ந்து ‘லாரல்’ நிறுவனத்தைத் தொடங்கி, விளையாட்டு வீரர்களைப் பற்றித் தொலைக்காட்சிக்கு ஆவணப் படங்கள் எடுத்தார்.

நிதானமாக நின்று பார்க்கவேண்டிய படம் ‘மார்ட்டின்’. 1976இல் பிராடக் என்ற ஊரில் எடுக்கப்பட்டது. ஆண்ட்ரூ கார்னகி 1875இல் தன் பெரிய இரும்பாலையைத் தொடங்கிய ஊர் அது; ரொமேரோ கேமராவோடு போனபோது வேலையும் ஆட்களும் வற்றிக்கொண்டிருந்தன. மார்ட்டின் என்ற இளைஞன் தன்னை ரத்தக்காட்டேரி என்று நம்புகிறான். அவனுக்குக் கோரைப்பல் இல்லை, வெயில் சுடவில்லை, பூண்டைக் கண்டு பயமில்லை. ஊசிபோட்டுப் பெண்களை மயக்கி, சவர பிளேடால் கையைக் கிழித்து ரத்தம் குடிக்கிறான். பழைய நாட்டிலிருந்து வந்த முதிய உறவினர் கூடா அவனைச் சாத்தானின் பிள்ளை என்றே நம்புகிறார். ஒரு காட்சியில் மார்ட்டின் பூண்டைக் கடித்துக் காட்டி, சிலுவையைக் கன்னத்தில் வைத்துக் காட்டி, மந்திரமெல்லாம் ஒன்றுமில்லை என்று கூடாவிடம் சொல்கிறான். பேயைவிட நம்பிக்கையே பயங்கரமானது என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன திகில் படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. மார்ட்டின் செய்யாத ஒரு சாவுக்காகக் கூடா அவன் நெஞ்சில் மர ஆப்பை அடித்து இறக்குகிறார். இங்கும் முடிவில் சமரசமே இல்லை. தன் படங்களில் தனக்கு மிகப் பிடித்தது இதுதான் என்று ரொமேரோ சொல்லியிருக்கிறார். அவரோடு ஒப்பனைக் கலைஞர் டாம் சவினி முதல்முறையாகச் சேர்ந்ததும் இதில்தான். பிட்ஸ்பர்க்காரரான சவினி முதல் படத்திலேயே வேலை செய்திருக்கவேண்டியவர். ராணுவப் புகைப்படக்காரராக வியட்நாம் போய்விட்டார். உடல் சிதையும்போது எப்படியிருக்கும் என்பதைக் கேமரா வழியே அங்கே கண்டவர் அவர்.

அடுத்த ஜாம்பிப் படமான ‘டான் ஆஃப் தி டெட்’டுக்கான விதை பிட்ஸ்பர்க்குக்கு வெளியே உள்ள மன்ரோவில் வணிக வளாகத்தில் விழுந்தது. 1969இல் திறந்த அந்தப் பிரம்மாண்டமான மாலின் நிர்வாகத்தில் ரொமேரோவுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கடைகளுக்கு மேலே, வாடிக்கையாளர் கண்ணில் படாத அறைகளைச் சுற்றிக்காட்டினார்கள். உலகம் அழிந்தாலும் இங்கே பதுங்கிப் பிழைக்கலாமே என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ பணத்தில் பங்கேற்று, ரொமேரோவை ரோமுக்கு வரவழைத்து அங்கே வைத்துத் திரைக்கதையை எழுதச் செய்தார். 1977–78 குளிர்காலத்தில் படப்பிடிப்பு. கடைகள் மூடியபின் இரவு 11 மணிக்குத் தொடங்கிக் காலை 7 மணிக்குள் முடிக்கவேண்டும். கிறிஸ்துமஸ் அலங்காரங்களை இரவுதோறும் கழற்றி மாட்ட முடியாதென்பதால் அந்த வாரங்களில் படப்பிடிப்பையே நிறுத்திவைத்தார்கள்.

ஒப்பந்தத்தின் ஒரு சரத்து என் வாதத்துக்கு நேரடிச் சான்று. ஆங்கிலம் பேசாத நாடுகளுக்கான எடிட்டிங் அர்ஜென்டோவுடையது. மற்ற இடங்களுக்கு ரொமேரோவுடையது. அதனால் ஒரே நெகட்டிவிலிருந்து இரண்டு படங்கள் பிறந்தன. அர்ஜென்டோவின் ‘ஸோம்பி’ வேகமானது, இறுக்கமானது, காப்ளின் குழுவின் இசை நிறைந்தது. ரொமேரோவின் 127 நிமிடப் படம் மூச்சுவிட்டு நகர்கிறது. கடைகளில் பொழுதைக் கழித்துச் சலித்துப்போகும் மனிதர்களை நின்று கவனிக்கிறது. வணிக வளாகத்தின் தாலாட்டு இசைக்கு நடுவே நகர்படிகளில் தடுமாறி விழும் பிணங்களைக் காட்டிச் சிரிக்கவும் வைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு எடிட்டிங் உரிமை என்பதன் முழுப் பொருளும் விளங்கும்.

முடிவிலும் ஒரு திருப்பம் உண்டு. திரைக்கதைப்படி எஞ்சிய இருவருமே தற்கொலை செய்துகொள்ள வேண்டும். அவர்களில் ஒருத்தியான ஃபிரான் ஹெலிகாப்டர் விசிறியில் தலையைக் கொடுக்கவேண்டும். அதற்காக நடிகை கெய்லன் ராஸின் தலையை அச்செடுத்துச் சவினி போலித்தலை செய்தும் வைத்திருந்தார். படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ரொமேரோவின் மனம் மாறியது. இருவரையும் பறந்து தப்பவிட்டார், எரிபொருள் குறைவாகவே இருக்கும் ஹெலிகாப்டரில். வீணாகக் கிடந்த போலித்தலை வேறு ஒப்பனையோடு, படத்தின் தொடக்கத்தில் துப்பாக்கியால் சிதறும் தலையாகிவிட்டது. 1968இல் அடுத்தவர் கேட்டபோது மறுத்த பிழைப்பை, பத்தாண்டு கழித்துத் தானே விரும்பிக் கொடுத்தார். இந்த வித்தியாசம்தான் சுதந்திரம்.

படத்தின் ரத்தத்துக்குத் தரச்சான்றுக் குழு ‘எக்ஸ்’ முத்திரை குத்தப் பார்த்தது. இந்தியாவில் தணிக்கைச் சான்றில்லாமல் பொதுத் திரையிடல் சட்டப்படி முடியாது. அமெரிக்காவில் சான்று கட்டாயமில்லை. ஆனால் ‘எக்ஸ்’ அதற்குள் ஆபாசப் படங்களின் அடையாளமாகிவிட்டதால் பல பத்திரிகைகள் விளம்பரம் ஏற்காது, பல அரங்குகள் இடம் தராது. வெட்டினால் ‘ஆர்’ கிடைக்கும். ரொமேரோ வெட்டவில்லை. விநியோகஸ்தரும் அவர் பக்கம் நின்று, 17 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதியில்லை என்று தாமே அறிவித்துச் சான்றில்லாமல் வெளியிட்டார். படம் உலகெங்கும் ஓடியது.

அந்தப் பிடிவாதத்துக்கு அடுத்த ஜாம்பிப் படம் விலை கொடுத்தது. 1985இன் ‘டே ஆஃப் தி டெட்’டுக்கு அவர் மிகப் பெரிய கதையொன்றை எழுதியிருந்தார். ‘ஆர்’ சான்றுக்கு அடங்கும்படி எடுத்தால் சுமார் 70 லட்சம் டாலர், சான்றில்லாமல் எடுத்தால் அதில் பாதி என்றார்கள். பாதியைப் பெற்றுக்கொண்டு கதையைச் சுருக்கினார். பென்சில்வேனியாவின் வாம்ப்பம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் பெரும்பகுதியை எடுத்தார்கள். பிணமாக நடித்த உள்ளூர்க்காரர்களுக்குச் சம்பளம் ஒரு டாலரும் ஒரு தொப்பியும். கேப்டன் ரோட்ஸை இரண்டாகக் கிழிக்கும் காட்சிக்கு வாங்கிவைத்த பன்றிக் குடல், குளிர்பெட்டியின் மின்சாரம் அணைந்துபோனதால் அழுகி நாறியது. மாற்றுக்கு வழியில்லை. சுற்றியிருந்தவர்கள் மூக்கை அடைத்துக்கொள்ள, ரோட்ஸாக நடித்த ஜோசஃப் பிலாட்டோ அந்த நாற்றத்துக்குள் படுத்து வசனம் பேசி முடித்தார். வெளியானபோது விமர்சகர்களுக்குப் பிடிக்கவில்லை. இன்று பலர் இதை மூன்றில் ஆழமானது என்கிறார்கள். அறிவு மெல்லத் திரும்பும் ‘பப்’ என்ற பிணம் தொலைபேசியைக் காதில் வைக்கும் காட்சிக்காக மட்டுமே நானும் அவர்களோடு சேர்ந்துகொள்வேன்.

அதே ஆண்டு லாரலிலிருந்து விலகினார். பிறகு பெரிய நிறுவனத்துக்குப் படம் எடுக்கப் போனார். ஓரியன் நிறுவனத்துக்கு எடுத்த ‘மங்கி ஷைன்ஸ்’ (1988) படத்தில் நிறுவனத்தின் விருப்பப்படி முடிவு மாறியது. கடைசியில் ஒட்டவைத்த அதிர்ச்சிக் காட்சி, அதுவரை பார்த்த படத்தோடு ஒட்டவேயில்லை. ‘தி டார்க் ஹாஃப்’ ஓரியன் திவாலானதால் முடங்கிக் கிடந்து 1993இல்தான் வெளிவந்தது. அடுத்த ஏழு ஆண்டுகள் ஒரு படமும் இல்லை. அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. ‘தி மம்மி’க்கு எழுதினார், தன் கற்பனையிலிருந்து கிளைத்த ‘ரெசிடென்ட் ஈவில்’ விளையாட்டின் திரைவடிவத்துக்கு எழுதினார். எதுவும் அவர் கையால் படமாகவில்லை. வருமானம் இருந்தது, கேமரா இல்லை. பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்த நாட்களில் நிலைமை நேர்மாறாக இருந்தது.

மற்றவர்களின் ஜாம்பிப் படங்கள் வசூலைக் குவித்தபின்தான் 2005இல் யுனிவர்சல் நிறுவனம் ‘லேண்ட் ஆஃப் தி டெட்’டுக்குப் பணம் போட்டது, சுமார் 1.5 கோடி டாலர், படப்பிடிப்பு டொரன்டோவில். படம் மோசமில்லை. ஆனாலும் அடுத்த படத்துக்கு அவர் பெரிய நிறுவனத்திடம் போகவில்லை. கைக்கேமரா பிடித்த மாணவர்களின் கதையாக ‘டைரி ஆஃப் தி டெட்’டை மிகச் சிறிய செலவில், தன் கட்டுப்பாட்டில் எடுத்தார். 67 வயதில் மறுபடி சின்னப் படத்துக்குத் திரும்பியதைச் சறுக்கல் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது 1968இன் மறுப்பை அவர் மீண்டும் சொன்னதாகவே தெரிகிறது. 2009இல் ‘சர்வைவல் ஆஃப் தி டெட்’ அவருடைய கடைசிப் படமானது. 2017 ஜூலை 16 அன்று டொரன்டோவில் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார்.

அவருடைய காகிதங்களை 2019இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகம் பெற்றுக்கொண்டது. எடுக்கப்படாத திரைக்கதைகளை இனி ஆய்வாளர்கள் படிக்கலாம். அதே ஆண்டு, 1973இல் லூத்தரன் சேவை அமைப்பு ஒன்றுக்காக அவர் எடுத்துக் கொடுத்த ‘தி அம்யூஸ்மென்ட் பார்க்’ சீர்செய்யப்பட்டுத் திரைக்கு வந்தது. முதியோரை மதியுங்கள் என்று சொல்ல ஒரு நன்னெறிப் படம் வேண்டும் என்பதுதான் கேட்டவர்களின் எண்ணம். வெள்ளை உடையணிந்த முதியவர் ஒருவர் பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் உற்சாகமாகப் போய், ஏமாற்றப்பட்டு, அடிபட்டு, ஒருவரும் ஏறிட்டும் பாராமல், சட்டையெல்லாம் ரத்தக்கறையோடு திரும்பும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கொடுங்கனவை ரொமேரோ எடுத்துக் கொடுத்தார். பொது அரங்குகளுக்கு அது வரவேயில்லை. காணாமல் போனதென்றே கருதப்பட்டது. மங்கிய 16 மி.மீ. பிரிண்டுகளிலிருந்து மீட்டெடுத்து, 2021இல் இணையத்தில் வெளியிட்டார்கள். கூலிக்கு எடுத்த படத்திலும் முடிவு அவருடையதாகவே இருக்கிறது: ரத்தக்கறையோடு உட்கார்ந்திருக்கும் முதியவரின் அறைக்குள் அதே முதியவர் புதுப்பொலிவோடு நுழைந்து, வெளியே போகப்போவதாகச் சொல்கிறார். போகாதே என்று இவர் தடுக்கிறார். அவர் கேட்காமல் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறார்.